அசுவினிக்குக் காவலிருந்தவர்

மொட்டை மாடியில் பயத்தங்காய் வளர்க்கப் போகிறேன் என்று சைபுதீன் அறிவித்தபோது மட்டாஞ்சேரியில் யாரும் நம்பவில்லை. பஜார் ரோட்டில் சுக்கும் மிளகும் விற்கிற மனுஷன். கறிவேப்பிலை கிள்ளிவரச் சொன்னாலே இடுப்பைப் பிடித்துக்கொள்வார். அப்பேர்ப்பட்டவர் தொட்டி வாங்கினார், மண் சுமந்தார், பந்தல் கட்டினார். மனைவி பத்ருன்னிசா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதபோதே அவர் பயந்திருக்க வேண்டும்.

உண்மையில் விஷயம் பயத்தங்காய் அல்ல. அல்வா.

சர்க்கரை ஏறிவிட்டதென்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் இனிப்புக்கு இடமில்லை. சாயாவில்கூட இல்லை. அலமாரி, அரிசிப் பானை, ஸ்கூட்டர் பெட்டி என்று அவர் ஒளித்துவைத்த இடத்தையெல்லாம் பத்ரு கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் அவளுக்கு முட்டி வலி. மாடிப்படி அபூர்வமாகத்தான் ஏறுவாள். ஆகவே விவசாயம். கொடிகளுக்குப் பின்னால் ஒரு காலித் தொட்டி கவிழ்ந்து கிடக்கும். அதனடியில் ஒரு டப்பா. டப்பாவுக்குள் பிராட்வே கடைத்தெருவில் வாங்கிய கறுப்பு அல்வா. சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறவர், ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு நல்ல பிள்ளையாக இறங்கி வருவார். ஒரு மனிதனுக்கு வேறென்ன வேண்டும்?

எறும்புக்கும் அதேதான் வேண்டியிருந்தது.

மழை விட்ட ஒரு நாள், துணி காயப்போட வந்த பத்ரு அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க, இந்த எறும்பெல்லாம் வரிசையா எங்க போகுது?"

சைபுதீனின் கண் நாலாபக்கமும் ஓடிக் கடைசியில் பயத்தங்கொடியின் நுனியில் போய் நின்றது. அங்கே ஒரு கூட்டம் கறுப்பாக அப்பிக்கொண்டிருந்தது. அல்லாவே காட்டிக் கொடுத்தது போலிருந்தது அவருக்கு.

"அசுவினி, பத்ரு! செடியோட சாறை உறிஞ்சிட்டு, பின்னால தேன் மாதிரி ஒண்ணு விடும். அதை நக்கத்தான் எறும்பு வருது. நாம ஆடு வளக்குற மாதிரி எறும்பு அசுவினியை வளக்கும்."

"அப்ப அசுவினி போனா எறும்பும் போயிடும்."

"போ... போயிடணும்."

மறுநாளே அவள் வடிகஞ்சியை ஆறவைத்து, முட்டியைப் பிடித்தபடி ஏறிவந்து செடியெல்லாம் தெளித்தாள். வெயிலில் கஞ்சி காய்ந்து, அசுவினியோடு சேர்ந்து உரிந்து விழுந்தது. எறும்பு வரிசை மட்டும் அப்படியே இருந்தது. நல்லவேளை, அதை முதலில் பார்த்தவர் சைபுதீன். எறும்புக்குக் காரணம் காட்ட உடனே அசுவினி வேண்டும்!

பக்கத்து மாடியில் மாளவிகா வெண்டைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மாளவிகா, உன் செடியில அசுவினி இருக்கா?"

"நிறைய உண்டு இக்கா. மருந்து வேணுமா?"

"மருந்து வேணாம். அசுவினியோட ஒரு கொப்பு தா."

"எந்தா?"

"பூச்சி இருக்குற கொப்பும்மா."

"இக்காவுக்கு வட்டாயோ, பைத்தியமா? ஊரெல்லாம் பூச்சியை விரட்டுது, நீங்க இரவல் கேக்குறீங்க!"

"அதுவும் ஒரு ஜீவன்தானே. பத்ருகிட்ட மட்டும் சொல்லிடாத."

"சே, நான் எதுக்குச் சொல்றேன்?"

கொப்பைக் கொடுத்துவிட்டு அவள் கீழே இறங்கிய வேகம்தான் சரியாகப் படவில்லை.

அன்றிலிருந்து சைபுதீன் அசுவினிக்குக் காவல். தின்ன வந்த பொறிவண்டைத் துண்டால் விரட்டினார். பத்ரு கஞ்சி தெளிக்க வந்தால், கொடிக்குக் குடை பிடித்தார்.

"எதுக்குங்க குடை?"

"தினம் நனைச்சா செடிக்குச் சளி பிடிக்கும்."

எறும்பு செய்கிற வேலையை எறும்பைவிடப் பொறுப்பாகச் செய்தார். அசுவினி பெருகியது. பத்ரு ஒரு நாள் இடுப்பில் கை வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். எறும்பு போகலன்னா தொட்டி, பந்தல் எல்லாம் மாளவிகாவுக்கு. மாடி துணி காயப்போடத்தான்."

தொட்டி போனால் டப்பா போகும். டப்பா போனால் அப்புறம் என்ன வாழ்க்கை? சைபுதீன் கடையிலிருந்து சுக்கும் மிளகும் அள்ளிவந்து இடித்தார், கொதிக்கவைத்தார், தும்மித் தும்மிக் கொடியிலும் தொட்டிகளைச் சுற்றியும் தெளித்தார். காத்து வளர்த்த அசுவினி அன்றே உதிர்ந்தது. எறும்பு முதலில் சட்டை செய்யவில்லை. வெள்ளிக்கிழமை வரிசை இளைத்தது. சனிக்கிழமை பெயருக்கு ஒன்றிரண்டு. ஞாயிறு சுத்தம்!

அந்த மகிழ்ச்சியில் வழக்கத்தைவிடப் பெரிய துண்டாக வாயில் போட்டார். கடைசியில் நாக்கில் லேசாக ஒரு கசப்பு. மழைக்காலத்து வெல்லம் அப்படித்தான் இருக்கும் என்று இன்னொரு துண்டும் போட்டார். வாயைக் கொப்பளித்துவிட்டுக் குரல் கொடுத்தார்.

"பத்ரு! மாளவிகா! வந்து பாருங்க. ஒரு எறும்பு காட்டுங்க பார்ப்போம்! பரம்பரைச் சுக்கு வியாபாரி வச்ச மருந்து!"

மாளவிகா அந்த மாடியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பத்ரு மெதுவாக ஏறிவந்தாள். கொடியைப் பார்க்கவில்லை. நேரே போய்க் கவிழ்ந்த தொட்டியைத் தூக்கினாள். டப்பாவை எடுத்துத் திறந்தாள்.

சைபுதீன் துண்டால் வாயை அவசரமாகத் துடைத்தார்.

"உங்க கறுப்பு அல்வாவைப் புதன்கிழமையே மாளவிகா வீட்டுப் பிள்ளைங்க தின்னாச்சு. இது நான் கிண்டினது. சர்க்கரைக்காரங்களுக்குன்னு கடையில ஒரு பொடி விக்குதுல்ல, அதைப் போட்டு."

"அப்ப எறும்பு... என் மருந்துக்குப் போகலையா?"

பத்ரு டப்பாவை மூடி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"அதுங்க மோந்து பார்த்துட்டுப் போயிருச்சு. நீங்கதான் இன்னும் தினம் ஏறி வர்றீங்க."