சிவசங்கருக்குப் பதிலா முழுவுன ஆளு

கள்ளக்குறிச்சில மோட்டார் கடை வெச்சிருக்குற சிவசங்கர் அன்னிக்கு ஒரு சபதம் எடுத்தான். கடலுக்குள்ள போயே தீரணும். கரையில நின்னு காலு நனைக்கிறதில்ல. உள்ள! மீனு வூட்டுக்கே போயி, மீன மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துட்டு வரணும்!

காரணம் இருக்கு. கெணத்து மோட்டார ஜாஸ்தியா வித்த கடைங்களுக்கு கம்பெனிக்காரன் பரிசு அறிவிச்சிருந்தான். அந்தமான் பக்கம் ஒரு படகு. ஒரு வாரம் படகுலயே சோறு, படகுலயே தூக்கம். கண்ணு முழிச்சா முதுகுல காத்து சிலிண்டர மாட்டிக்கினு கடலுக்குள்ள தொபுக்கடீர்! கடைக்கு ஒரே ஒரு ஆளு. யாரு என்னான்னு கம்பெனி கேக்கல. போன்ல வீடியோ கால் போட்டு நீந்திக் காட்டணும், யாரு நீந்துறாங்களோ அவங்க பேருக்கு டிக்கெட்டு. அவ்ளோதான்.

இதுல சிக்கல் ரெண்டு. ஒண்ணு, பொண்டாட்டி தேவிப்ரியா. இன்னொண்ணு, சிவசங்கருக்கு நீச்சல் தெரியாது.

மொத சிக்கல சாப்புடும்போதே முடிச்சுடலாம்னு பாத்தான்.

"தேவி, கம்பெனில ட்ரெய்னிங் போட்டுருக்கான். அந்தமான்ல."

"இன்னா ட்ரெய்னிங்?"

"தண்ணிக்குள்ள மோட்டார் எப்படி ஓடுதுன்னு. நேர்ல உள்ள போயே பாக்கணுமாம்."

"அதுக்கு எதுக்கு அந்தமான்? நம்ம கெணத்த எட்டிப் பாத்தா தெரியாதா?"

"அது நல்ல தண்ணி. இது உப்புத் தண்ணி. உப்பு தனி சப்ஜெக்ட்."

"அப்ப நானும் வரட்டா?"

"அய்யய்யோ! அங்க ஒரே சுறா. பொம்பளைங்கன்னா அதுக்கு ஆவாது."

"ஆம்பளைங்கள ஒண்ணும் பண்ணாதா?"

"ஆம்பளைங்கள பாத்தா பயந்து ஓடிடும்."

தேவிப்ரியா அவன தலையிலேந்து தொப்பை வரைக்கும் ஒரு தடவ பாத்தா. "சுறா இன்னும் உங்கள பாக்கல போல"ன்னு சொல்லிட்டு ரசத்த ஊத்துனா.

அவ்ளோதான், மேல ஒண்ணும் கேக்கல. சிவசங்கருக்கு குஷி தாங்கல. ஒரு சிக்கல் க்ளோஸ்!

ரெண்டாவது சிக்கலுக்கு கல்வராயன் மலைக்கு பைக்க வுட்டான். ஓடையில முழங்கால் தண்ணி. யூட்யூப்ல பாத்த மாதிரியே படுத்துக்கினு கைய வீசுனான், கால ஒதைச்சான். தண்ணி முன்னாடி போச்சு, இவன் போவல. மாடு கழுவ வந்த ஒருத்தரு கொஞ்ச நேரம் பொறுத்துப் பாத்துட்டு, "தம்பி, கொஞ்சம் நவுந்து படு. மாடு மெரளுது"ன்னாரு.

நேரா கடைக்கு வந்து மெக்கானிக் தமிழரசன தனியா கூப்ட்டான்.

"டேய், நல்லா நீந்துற ஆளு ஒண்ணு வேணும்டா. எனக்குப் பதிலா. மூஞ்சிய மூடிக்கினு நீந்தட்டும், யாருக்குத் தெரியப்போவுது?"

தமிழரசன் தலைய சொறிஞ்சான். "இருக்குண்ணே ஒரு ஆளு. கெணத்துல கயிறு அறுந்து மோட்டார் வுழுந்தா, மூச்சப் புடிச்சிக்கினு அடி வரைக்கும் முழுவி, மோட்டார்ல கயித்த கட்டிட்டு மேல வர்ற ஆளு. ஆனா கொஞ்சம் ஒல்லி."

"ஒல்லின்னா இன்னும் நல்லதுடா! போன்ல நான் ஸ்லிம்மா தெரிவேன்!"

ப்ளான் ரெடி. ஆன்லைன்ல ஒரு கறுப்பு ரப்பர் ட்ரெஸ், தலையோட மூஞ்சியும் சேத்து மூடுற முகமூடி, வாத்துக் கால் மாதிரி ஒரு செருப்பு வாங்குனான். இடம், ஊருக்கு வெளிய சிவசங்கரோட கெணறு. ஆளு நீந்தும். தமிழரசன் போன புடிப்பான். நீந்தி முடிச்சதும் ஆளு மோட்டார் கொட்டாய்க்குப் பின்னாடி போவணும். அங்கேந்து சிவசங்கர் சொட்டச் சொட்ட வெளிய வந்து, "ஹாய்!" சொல்லணும். அதுக்காவ ஒரு பக்கெட் தண்ணி கூட ரொப்பி வெச்சிருந்தான். மூளைன்னா இதான் மூளை!

அந்த நாளும் வந்துச்சு. சிவசங்கர் கொட்டாய்க்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கினு, சந்து வழியா பாத்தான். கறுப்பு ட்ரெஸ்ஸு ஆளு படியெறங்குது. நடைய எங்கயோ பாத்த மாதிரி இருந்துச்சு. போன்ல படகுக்கார ட்ரெய்னர் சந்தியா.

"ரெடியா சார்? குதிங்க!"

குதிச்சது பாரு! கெணறே ஒரு தடவ எகிறி ஒக்காந்துச்சு. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மீனு மாதிரி போச்சு. மல்லாந்து மெதந்துச்சு. சந்தியா "உள்ள போயி ஏதாச்சும் எடுத்துக்கினு வாங்க பாப்போம்"னா. ஆளு உள்ள போச்சு. வரல. வரவே இல்ல. சிவசங்கர் வெரல் வுட்டு எண்ண ஆரம்பிச்சான். அப்புறம் குபீர்னு மேல வந்துச்சு, கையில போன வருசம் காணாமப் போன ஸ்பேனர்!

"சூப்பர் சார்! செலக்டட்!"ன்னு கத்துனா சந்தியா.

சிவசங்கர் பக்கெட்ட தூக்கி தலையோட ஊத்திக்கினான். 'நான் செலக்டட்! நான் செலக்டட்!' பல்லு தந்தியடிக்குது, மனசு அந்தமான்ல நீந்துது.

"அந்த மாஸ்க்க கழட்டுங்க சார், போட்டோ எடுத்துக்கறேன்."

ஆளு கொட்டாய் பக்கம் வரணுமா, வரல. படியிலயே நின்னு முகமூடிய கழட்டுச்சு. ஒரு பெரிய ஜடை தொப்புன்னு வுழுந்துச்சு.

தேவிப்ரியா!

"சார் இல்ல மேடம்ங்களா! சாரிக்கா! பேரு?"

"தேவிப்ரியா."

சிவசங்கர் அலறிக்கினு வெளிய ஓடியாந்தான். ஒடம்பெல்லாம் தண்ணி, இடுப்புல துண்டு.

"அக்கா, பின்னாடி நனைஞ்சிக்கினு நிக்கிறது யாரு?"

இவன் வாயத் தொறந்தான். இன்னா சொல்லுவான்? 'அது நான் மா, என் பொண்டாட்டி எனக்குப் பதிலா நீந்துனா'ன்னா?

"எங்க வூட்டுக்காரரு"ன்னா தேவிப்ரியா. "எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா குதிச்சு காப்பாத்த ரெடியா நின்னாரு."

"அய்யோ, எவ்ளோ பாசம்! அண்ணா, அக்காவ அனுப்ப உங்களுக்கு ஓகேதான?"

தொறந்த வாயி தொறந்தபடியே தலை மட்டும் ஆடுச்சு. போன் கட்டாச்சு.

"தமிழரசா! துரோகி!"

"அண்ணே, முழுவுற ஆளு கேட்டீங்க. அக்கா பொறந்த மணலூர்பேட்டைல, எங்க தெருவுல, முழுவுறதுல அக்காவ அடிச்சிக்க ஆளே இல்ல. இன்னா ஏதுன்னு கேட்டாங்க, சொன்னேன்."

"ஏன் தேவி, நீச்சல் தெரியும்னு ஒரு நாளாச்சும் சொன்னியா?"

"நீங்க ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?"

"சரி... சுறா?"

"உங்களுக்கே பயப்புடுற சுறா எனக்கு பயப்புடாதா?" ஜடைய புழிஞ்சா. "அதுவுமில்லாம இது ட்ரெய்னிங்தானங்க? நான் போயி கத்துக்கினு வந்து உங்களுக்குச் சொல்றேன். அந்த உப்பு சப்ஜெக்ட்ட மட்டும் நல்லா கவனிச்சு வெக்கிறேன்."

போனா. போயே போயிட்டா. ஒரு சாய்ங்காலம் படகுலேந்து வீடியோ கால் வந்துச்சு. பின்னாடி கடலு, மூஞ்சியெல்லாம் சிரிப்பு.

"இன்னாங்க, இன்னிக்கு ஒரு ஆமை பாத்தேன்! நம்ம கட்டில் சைஸு! என்னைய பாத்துக்கினே கூடவே வந்துச்சுங்க!"

"ம்."

"கலர் கலரா மீனு, தீபாவளி ஜவுளிக் கடை மாதிரி!"

"ம்."

"மறந்துட்டேன் பாருங்க. எதிர் வூட்டு உபகாரமேரி அக்கா போன் போட்டாங்க. நம்ம மாடி டேங்க் ரொம்பி, தெருவெல்லாம் தண்ணி போவுதாம். மொதல்ல போயி மோட்டார நிறுத்துங்க."

ஊருக்கே மோட்டார் விக்கிற சிவசங்கர் எழுந்து நின்னான். செவுரு செவுரா பாத்தான். தொண்டையக் கனைச்சிக்கினு மெதுவா கேட்டான்.

"தேவி... அது எந்த சுவிட்சு?"