வெள்ளை மிளகு தீர்ந்துபோன தேர்தல்

கொச்சங்காடி,
ஞாயிறு.

பிரிய அத்திம்பேர் சங்கர்ராம் அவர்களுக்கு, பிச்சுமணி அநேக நமஸ்காரத்துடன் எழுதுவது. இங்கே நானும் சீதாலக்ஷ்மியும் சௌக்கியம். பாலக்காட்டில் அக்காவும் நீங்களும் அப்படியே இருக்க பகவான் அருளட்டும். நம் மட்டாஞ்சேரி மிளகு வியாபாரிகளின் சங்கமான சகோதர லாட்ஜில் என்னையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். ரயிலைப் பிடிக்க நீங்கள் பாதியில் ஓடிவிட்டதால் முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ரிட்டயரானதிலிருந்து சீதாலக்ஷ்மியின் சமையலுக்கு யோசனை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருந்த என்னை முன்மொழிந்தது நீங்கள். நூற்றாண்டு மலருக்கு லாட்ஜின் சரித்திரத்தை எழுதச் சொன்னதும் நீங்களே. எழுதினேன். குஜராத்தி சேட்டுகளும் கொங்கணிகளும் ஜூ டவுன் யூதர்களும் நம்மவர்களும் அந்தக் காலத்தில் ராத்திரி ஒரே மேஜையில் 'சகோதரா' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள், காலையில் கடைத்தெருவில் விலைக்காக அடித்துக்கொள்வார்கள். அப்படிக் கூட்டம் நிறைந்த இடத்தில் இன்று உங்களையும் சேர்த்து ஏழே பேர். இந்த வருஷம் புது ஆள் சேராவிட்டால் லாட்ஜை மூடிவிடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது. ஆக, சரித்திரத்தின் கடைசி அத்தியாயம் என் தலையில்தான் இருந்தது. பயத்தில் சரியாகத் தூங்கவில்லை.

விதி உங்களுக்குத் தெரியும். சம்மதத்துக்கு வெள்ளை உருண்டை, மறுப்புக்குக் கறுப்பு. ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் ஆள் வெளியே. உருண்டைகள் என்றோ தொலைந்துபோக, மிளகு வியாபாரிகளின் லாட்ஜ் அல்லவா, வெள்ளை மிளகும் கறுப்பு மிளகும் அந்த இடத்துக்கு வந்தன. ஆளுக்கு ஒன்று போட்டே ஆகவேண்டும், முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. வராந்தாவில் நின்ற நான், தலைவர் சுதீர் பெட்டியைத் திறந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஏழும் கறுப்பு. முன்மொழிந்த நீங்கள் போட்டதும் கறுப்பு. அக்கா கல்யாணத்தில் ஏதாவது குறை வைத்தோமா என்று அந்தக் காலம் வரைக்கும் போய் யோசித்தேன். அழுகையே வந்துவிட்டது, அத்திம்பேர்.

சந்தேகம் இருந்தால் மறுபடி ஓட்டுப் போடலாமாம். சுதீர் பேசாமல் அடுக்களைக்குப் போய், வெள்ளை மிளகுக்குப் பதிலாக வறுத்த முந்திரியைக் கொண்டுவந்து வைத்தார். நீங்கள் ஓட்டைப் போட்டதும் ரயிலுக்கு ஓடினீர்கள். இந்த முறை பெட்டியில் ஒரு கறுப்புகூட இல்லை. "பிச்சுமணி சாரே, அகத்தே வா. இனி நீ நம்ம சகோதரன்" என்று சுதீர் கட்டிக்கொண்டார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

நடந்தது என்னவென்று பிறகுதான் தெரிந்தது. வழக்கமாக ஓட்டுக்குப் பின்னால் விருந்து. சர்க்கரை வியாதிக்காரர்கள் பசி தாங்காமல் முன்னாலேயே வைத்துக்கொண்டார்கள். லாட்ஜ் அடுக்களையில் வெண்பொங்கல் செய்தவள் சீதாலக்ஷ்மி. கேட்டால், "அங்க கிண்ணத்துல வெள்ளை மொளகு இருந்தது. கறுப்பு போட்டா பொங்கல்ல எறும்பு செத்துக் கெடக்கறாப்பல இருக்கும். அதான் அத்தனையும் எடுத்துப் போட்டேன். எந்தா தப்பு?" என்கிறாள். ஆக, எனக்கு விழ வேண்டிய ஓட்டை எல்லாரும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறோம். வெள்ளை இல்லை என்று சொல்ல வழியில்லாமல்தான் நீங்களும் கறுப்பைப் போட்டீர்கள். ஸாரமில்லை, போகட்டும். என் முகத்தில் விழிக்க நீங்கள் கூச வேண்டாம். எனக்கு உங்கள்மேல் எள்ளளவும் வருத்தமில்லை.

அக்காவுக்கு என் நமஸ்காரம். உங்கள் பெண் ஸாதனாவுக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனனும் இனிமேல் சகோதரனுமான
பிச்சுமணி

பின்குறிப்பு: தபாலில் போடக் கிளம்பும்போது செயலாளர் செல்லதுரை வந்தார். சுதீர் கறுப்பு இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தாராம், முந்திரியை எண்ணவில்லையாம். இவர் எண்ணினால் ஆறுதான் இருக்கிறது. ஓட்டு செல்லாது. இங்கிருக்கும் ஆறு பேரும் முந்திரியைப் பெட்டியில்தான் போட்டோம் என்று பிள்ளைகள்மேல் சத்தியம் செய்துவிட்டார்கள். அடுத்த மாதம் மறுபடி ஓட்டு. அத்திம்பேர், தயவுசெய்து வீட்டிலேயே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வரவும்.