ஒரு சைஸ் பெரிய செருப்பு

வாயைத் திறக்காதவன் தப்பு செய்ய மாட்டான் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. ஐம்பத்தெட்டு வயது வரை நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். காலும் தப்பு செய்யும் என்பதைச் சிங்கப்பூர் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

நான் பேசுகிறவன் இல்லை. மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டுகிறவன் யாரிடம் பேசுவது, கரும்பிடமா? படிப்பு ஐந்தாவது வரை. அதற்கப்புறம் வாத்தியார் என்னைத் தேடவில்லை. நானும் அவரைத் தேடவில்லை. நிலம் அரை ஏக்கர். மீதி நாள் கூலி.

ஒரே பெண். பெயர் செல்வி. அவளை நர்சிங் படிக்கவைத்தேன். அவளை ஒரு கல்யாணத்தில் பார்த்துவிட்டு, கட்டினால் இவளைத்தான் என்று ஒரு பையன் ஒற்றைக்காலில் நின்றான். பையனுக்குச் சிங்கப்பூரில் வேலை. அப்பா களமருதூர்ப் பக்கம் பெரிய நெல் வயல்காரர். மூன்று மாதம் யோசித்துவிட்டுச் சரி என்றார். (அந்த 'சரி'யைச் சொல்லும்போது பல் பிடுங்கிக்கொள்கிறவர் மாதிரிதான் இருந்தார்.) அவர்தான் என் சம்பந்தி.

கல்யாணமான மறு வருஷம் மாப்பிள்ளை இரண்டு அப்பாக்களுக்கும் டிக்கெட் அனுப்பினார். சம்பந்தியம்மாவுக்கு ஏரோப்ளேன் என்ற பேச்சைக் கேட்டாலே தலை சுற்றும். என் சம்சாரம், "மாட்ட யாரு பாக்கறது?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள். (அவள் என்னைவிடக் கம்மியாகப் பேசுகிறவள்.) ஆக, நானும் அவரும்.

பயணத்துக்கென்று கள்ளக்குறிச்சி கடைவீதியில் தோல் செருப்பு வாங்கினேன்.

"ஒங்க காலுக்கு எட்டுதாங்க. ஒம்போது இன்னாத்துக்கு?" என்றான் கடைக்காரன்.

எட்டுக்கும் ஒன்பதுக்கும் ஒரே விலை. ஒன்பதில் தோல் ஜாஸ்தி. எட்டை வாங்க நான் என்ன பைத்தியமா?

சிங்கப்பூர் போய் மூன்றாம் நாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு செல்வி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். அவளுக்கு அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை வந்திருந்தது. மாப்பிள்ளைக்குச் சம்மதம். ஆனால், "அப்பா ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்றுவிட்டார். அந்த ஒரு வார்த்தையைச் சம்பந்தி இரண்டு மாதமாகச் சொல்லவில்லை. "பாக்கலாம்" என்பார். மருமகளை வேலைக்கு அனுப்பலாமா என்று சொந்தக்காரர்களை எல்லாம் கேட்டு முடித்திருந்தார். மருமகளைத்தான் கேட்கவில்லை. அந்த வாரத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"ப்பா, நாளைக்கு ஒரு நாளு மாமா மனசு கோணாம பாத்துக்க. சாயங்காலம் நான் கேட்டுடறேன்."

"நான் இன்னா பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணாத. அது உனுக்கு நல்லா வருமே."

படித்தது அவள். பரீட்சை எனக்கு.

மறுநாள் காலை எங்களுக்காக மாப்பிள்ளை ஒரு வண்டி ஏற்பாடு செய்திருந்தார். சம்பந்திக்கு முட்டி வலி, நடந்து ஊர் பார்க்க முடியாது. அதனால் இந்த வண்டி. பழைய ஸ்கூட்டர். அதன் பக்கவாட்டில் ஒரு தொட்டி, தொட்டிக்கு ஒரு சக்கரம். ஓட்டுகிறவன் பின்னால் ஒருவர், தொட்டிக்குள் ஒருவர். நமக்கு மட்டும் தனி வண்டி. அரை நாளில் தீவையே சுற்றிக் காட்டிவிடுவார்களாம். (எங்கள் ஊரில் இப்படித் தொட்டி கட்டின வண்டி வந்தால் உள்ளே பிளாஸ்டிக் குடம் இருக்கும். விற்கிறதுக்கு.)

ஓட்டுகிறவன் ஒரு சீனாக்காரன். தாடி. இரண்டு கையிலும் பச்சை குத்தியிருந்தான். "ஹலோ அங்கிள்" என்று இரண்டு பேருக்கும் கும்பிடு போட்டான்.

சம்பந்தி தொட்டியைச் சுற்றிவந்து பார்த்தார். "இன்னா சம்பந்தி, மாட்டுக்குக் கழனி ஊத்தற தொட்டி மாரி கீது?"

"மெத்தை போட்டிருக்குதுங்க" என்றேன். அன்றைக்கு அதுவே எனக்கு நீளமான பேச்சு.

முட்டி வலிக்காரர் காலைத் தூக்கிப் பின்னால் உட்கார முடியாது. மரியாதைக்கும் மெத்தைதான் பொருத்தம். இரண்டு பேர் பிடித்து அவரைத் தொட்டிக்குள் இறக்கினோம். உட்கார்ந்ததும் முகம் மாறிவிட்டது. தேரில் ஏறின சாமி மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துச் சிரித்தார். பரீட்சையில் பாதி பாஸ் என்று நினைத்தேன்.

புறப்படும் முன் சீனாக்காரன் இங்கிலீஷில் ஏதோ சொன்னான். கூடவே நடித்தும் காட்டினான். உடம்பை ஒரு பக்கம் சாய்த்தான். பிறகு இரண்டு கையையும் குறுக்கே ஆட்டினான். சாயாதே என்கிறான். இதைப் புரிந்துகொள்ள ஐந்தாவதே ஜாஸ்தி.

சம்பந்திக்கு இங்கிலீஷ் தெரியாது. அது அவருக்குத் தெரியாது. "வளைவுல நல்லா சாஞ்சி குடுக்கணுமாம். அப்பதான் வண்டி திரும்புமாம்" என்றார்.

நான் சீனாக்காரனைப் பார்த்தேன். சம்பந்தியைப் பார்த்தேன். செல்வியின் வேலை சீனாக்காரன் கையில் இல்லை.

"சரிங்க" என்றேன்.

எனக்குப் பயம் எல்லாம் கிடையாது. வெள்ளிமலைக்குக் களையெடுக்கப் போன காலத்தில் ஜீப்பின் பின்படியில் ஒரு காலில் தொங்கிக்கொண்டு மலை ஏறினவன். கொண்டை ஊசி வளைவில் பீடி பற்றவைத்தவன். இந்த ஊர் ரோடு தோசைக்கல் மாதிரி இருந்தது. இதில் என்ன ஆகிவிடும்?

ஆனது இதுதான். என் இடது காலை வைக்கச் சீனாக்காரன் ஒரு கம்பியைக் காட்டியிருந்தான். அது தொட்டியின் விளிம்பை ஒட்டி இருந்தது. கம்பிக்கு இந்தப் பக்கம் என் செருப்பு. அந்தப் பக்கம் சம்பந்தியின் தோள். நடுவில் இருந்த இடைவெளியில் ஒரு வெற்றிலையைச் சொருகலாம். இரண்டு வெற்றிலை கஷ்டம்.

முதல் சிக்னல் தாண்டியதும் வண்டி லேசாகக் குலுங்கியது. என் கால் சம்பந்தி தோளில் பட்டது.

கால் பட்டால் என்ன செய்வோம்? பட்டவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். பிறந்ததிலிருந்து பழக்கம். யோசிக்கிறதில்லை. நான் குனிந்து அவர் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றப் போனேன். ஹெல்மெட் கண்ணாடி தடுத்தது. கண்ணாடியிலேயே ஒற்றிக்கொண்டேன்.

நான் குனிந்ததும் வண்டி இடது பக்கம் இழுத்தது. "நோ, நோ, அங்கிள்!" என்றான் சீனாக்காரன்.

"இன்னா சொல்றான்?" என்றேன்.

"இன்னும் நல்லா சாயணுமாம்" என்றார் சம்பந்தி.

வண்டி இழுத்ததில் மறுபடி கால் பட்டது. மறுபடி தொட்டேன். தொட்டதில் மறுபடி இழுத்தது. இழுத்ததில் மறுபடி பட்டது. தங்கக் கலசம் வைத்த பெரிய மசூதி ஒன்று போனது. நான் பார்க்கவில்லை, கும்பிட்டுக்கொண்டிருந்தேன். கலர் கலராக மாடி வீடுகள் போயின. கும்பிட்டுக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாப்பில் நின்ற வெள்ளைக்காரர்கள் எங்களைப் போட்டோ எடுத்தார்கள். தொட்டியில் ஒரு பெரியவர், அவரை உதைத்து உதைத்துக் கும்பிடும் இன்னொருவர். ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்.

"இருக்கட்டும் வுடுங்க சம்பந்தி" என்றார் அவர் முதல் ஐந்து தடவை. அப்புறம் சொல்லவில்லை. சிரிப்பும் நின்றுவிட்டது.

காலைத் தூக்கி வேறு எங்காவது வைத்திருக்கலாம். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருக்கலாம். பின்னாளில் இந்த யோசனைகளை எனக்குச் சொல்லாத ஆளே இல்லை. அன்றைக்குச் சொல்லத்தான் ஒருவரும் இல்லை.

தேக்கா என்று நம் ஆட்கள் சொல்லும் லிட்டில் இந்தியாவுக்குள் வண்டி நுழைந்தது. ஒரு பூக்கடை முனையில் இடது பக்கம் திரும்பியது. சம்பந்தி, "சாய்ங்க!" என்று சத்தம் போட்டபடி தொட்டியிலிருந்து சாய்ந்தார். நானும் சாய்ந்தேன். ஒன்பதாம் சைஸ் செருப்பு காலை விட்டுக் கிளம்பியது.

சம்பந்தி ஹெல்மெட்டில் 'டொக்' என்று ஒரு சத்தம். அங்கிருந்து அவர் மடியில் விழுந்தது. குப்புற.

சீனாக்காரன் பிரேக் அடித்தான். இறங்கி, தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றான். சம்பந்தி என் செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். அந்தத் தெரு முழுக்க நம் ஜனம். பூ கட்டிக்கொண்டிருந்தவர்கள் பூவை விட்டுவிட்டார்கள்.

"மன்னிச்சிடுங்க சம்பந்தி" என்றேன்.

கூட்டத்தில் ஒரு கட்டட வேலைப் பையன் எட்டிப் பார்த்தான். "கள்ளக்குறிச்சியாண்ணே? பேச்சைக் கேட்டாலே தெரியுது. நான் சங்கராபுரம். இன்னாண்ணே, ஊர்ச் சண்டைய இவ்ளோ தூரம் வந்தா போட்டுக்கினு கீறீங்க?"

சம்பந்தி செருப்பை நீட்டினார். மாட்டிக்கொண்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவனாக நான் ஆனது அன்றைக்குத்தான். நன்றாக இல்லை.

சீனாக்காரன் நேர்மையானவன். வாங்கின காசுக்கு மீதி இடங்களையும் காட்டிவிட்டுத்தான் விட்டான். கடலோரத்தில் ஒரு வெள்ளைச் சிங்கச் சிலை. அதன் வாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. சம்பந்தி வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். செல்வி என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னாப்பா ஆச்சி?"

"கேக்காத."

"எத கேக்காத? நடந்ததயா, வேலையயா?"

"ரெண்டும்."

அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். அழவில்லை. என் பெண், அழ மாட்டாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. மூன்று வருஷம் கரும்பு வெட்டி அவளைப் படிக்கவைத்தேன். ஒரு செருப்பில் அதை அடித்துப் போட்டேன்.

சாயங்காலம் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே வந்தார். "மாமா, வண்டிக்காரங்க வீடியோ அனுப்பியிருந்தாங்க. அதுவும் டூர்ல சேர்த்திதான். பாக்க நேரமில்ல, அப்படியே நம்ம குடும்ப குரூப்ல போட்டுட்டேன்."

கைப்பிடியில் ஒரு குட்டிக் கேமரா எங்களைப் பார்த்தபடி இருந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

அறையிலிருந்து சம்பந்தியின் போன் அடித்தது. அவருக்குக் காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். கூப்பிட்டது அவருடைய பங்காளி. இரண்டு பேருக்கும் வரப்புத் தகராறு. ஒருவர் வீட்டில் விளக்கு எரிந்தால் இன்னொருவருக்குத் தூக்கம் வராது.

"இன்னாண்ணா, குரூப்புல வந்த வீடியோல பொண்ணு குடுத்தவன் கையால செருப்படி வாங்கினியாமே? அதுக்கா ஏரோப்ளேன் ஏறிப் போன?"

நான் சுவரைப் பார்த்தேன். செல்வி கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"எவன்டா சொன்னது? நல்லா பார்றா வீடியோவ! கால் பட்டுச்சின்னு வழி முழுக்கத் தொட்டுக் கும்புட்டுக்கினே வர்றாரு மனுசன். ஒரு தபாவா? ஊரே பாத்துது. உன் சம்பந்தி உன்ன ஒரு தபா கும்புட்டிருப்பானா?"

"செருப்பு விழுந்திச்சே?"

"விழுந்திச்சி. லூசு செருப்பு. உனுக்கு இன்னா?"

"எனுக்கு ஒண்ணும் இல்லண்ணா. ரெண்டு வூடும் வெட்டிக்கிச்சேன்னுதான் கவல. அந்தப் பொண்ண வேலைக்கு அனுப்பலாமான்னு கேட்டுக்கினு இருந்தியே. இனிமே எங்க..."

"அனுப்பறேன்டா!" கட்டிலே அதிர்ந்தது. "ஒண்ணாந்தேதிலேர்ந்து எம் மருமவ வேலைக்குப் போவுது. எங்க வூட்டுக்குள்ள ஒரு வெட்டும் இல்ல, ஒரு குத்தும் இல்ல. இதையும் குரூப்புல போட்டுக்க!"

போனை வைத்துவிட்டு வெளியே வந்தார். எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். தான் என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவருக்கே உறைத்த மாதிரி இருந்தது. ஆனால் பங்காளியிடம் சொன்ன வார்த்தை. மாற்ற முடியாது.

"காபி கீபி இல்லியாம்மா?" என்றார் செல்வியிடம்.

அவள் போட்டாள். அன்றைக்குச் சர்க்கரை ஜாஸ்தி. சர்க்கரை வியாதிக்காரர், கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

ஆறு வருஷம் ஆகிவிட்டது. செல்வி இன்னும் அந்த வேலையில்தான் இருக்கிறாள். முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு செருப்பு வாங்கி அனுப்பினாள். எட்டாம் சைஸ். பின்னால் பட்டை வைத்தது. சம்பந்தி எங்கே என்னைப் பார்த்தாலும் முதலில் காலைப் பார்ப்பார், பட்டை போட்டிருக்கிறேனா என்று. அப்புறம்தான் முகம். அந்த வீடியோ கள்ளக்குறிச்சி ஜில்லாவில் பார்க்காத சொந்தக்காரன் பாக்கியில்லை. கல்யாணப் பந்தியில் எனக்கு எதிரில் உட்காருகிறவர்கள் இலையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள்.

போன மாதம் செல்வி குழந்தையோடு வந்திருந்தாள். எல்லோரும் ஜீப் பிடித்து வெள்ளிமலைக்குப் போனோம். முன்சீட்டில் சம்பந்தி. அவருக்கு நேர் பின்னால் நான். (இடம் போட்டது நான் இல்லை.) மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் ஜீப் ஒரு வெட்டு வெட்டியது. என் முட்டி அவர் முதுகில் இடித்தது. கை தானாகக் கிளம்பியது.

சம்பந்தி திரும்பவே இல்லை. ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"கும்புடாதீங்க சம்பந்தி. ஜீப்பு கவுந்துடும்."