இரண்டு நூல் தள்ளி

முதல் வேகனில் விழவேண்டிய கடுகு, வேகனுக்கு இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், முன்னால் தண்டவாளத்தில் கொட்டியது. குட்டி இன்ஜின் அதைக் கண்டுகொள்ளாமல் ஆறு காலி வேகன்களையும் இழுத்துக்கொண்டு மேசையைச் சுற்றிவரப் போய்விட்டது. மிச்சக் கடுகு மேசை விளிம்பைத் தாண்டிக் கூடம் முழுக்க ஓடியது.

"ஏம்மா, இது என்ன?" என்றாள் நாத்தனார், சாய்வு நாற்காலியில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"நிலக்கரிக்கா."

"கடுகு மாதிரி இருக்கு."

"நிலக்கரின்னு நினைச்சுக்கணும்."

"நினைச்சுக்கறேன். வழுக்கி விழுந்து இந்த முட்டியும் போச்சுன்னா அப்ப என்னன்னு நினைச்சுக்கறது? இந்தா பாரு, ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். நீ ஆனாலும் சரி, என் தம்பி ஆனாலும் சரி. ஒரு தடவை ஓட்டு, பெருக்கு, படு."

முட்டி அறுவை முடித்துத் தம்பி வீட்டில் தங்கியிருப்பவளின் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது. தம்பி மனைவி துடைப்பத்தை எடுத்தாள்.

அந்த மேசையும் அதன்மேல் ஓடும் ரயிலும் கணவனுடையவை. அவன் பேருந்து ஓட்டுநர். பகலெல்லாம் சாலையில் ஓட்டிவிட்டு, ஓய்வு நேரத்தில் தண்டவாளத்தில் ஓட்டுவான். நான்கு வருடங்களாக அந்தக் கூட்ஸ் வண்டி, பிசின் வைத்து ஒட்டிய நிலக்கரியோடு புறப்பட்டு, அதே நிலக்கரியோடு திரும்பி வந்துகொண்டிருந்தது. "யாருக்குமே வேண்டாத நிலக்கரியா இது?" என்று ஒருநாள் அவள் கேட்டுவிட்டாள்.

"அப்ப நீயே ஏத்திக் காட்டு. நான் கை வைக்க மாட்டேன், சத்தியமா. இது உன் வேலை" என்று அவன் சிரித்தான்.

மருத்துவமனையின் மருந்துப் பிரிவில் அவளுக்குப் பதினெட்டு வருட வேலை. அங்கே அவள் கை ஒரு மாத்திரை கூடக் குறைய எண்ணியதில்லை. வீட்டுக்கு வந்ததும் அதே கை வேறு யாருடையதோ ஆகிவிடும். அவள் அடித்த அலமாரியில் தம்ளர்கள் தாமாகவே ஒரு பக்கம் நகர்ந்து கூடும். அவள் தைத்த பொத்தானுக்கு எதிரே துளை இருக்காது. வீட்டில் யாரும் இதைக் குறையாகச் சொன்னதில்லை. சொல்லாமல் வேறு ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்துகொண்டார்கள். அதுதான் அவளுக்குள் முள்ளாகக் கிடந்தது.

ஆகவே செய்தாள். இருமல் மருந்துப் புட்டியை வெட்டிப் புனல். எக்ஸ்ரே ஃபிலிமில் ஒரு குட்டிக் கதவு. வேகன் வந்து ஒரு கொண்டை ஊசியைத் தள்ளினால் கதவு திறக்கும். தாண்டிப் போனதும் பேனா ஸ்பிரிங் இழுத்து மூடிவிடும். வரும் ஞாயிறு கணவனின் ரயில் நண்பர்கள் நான்கு பேர் வருகிறார்கள். அவர்கள் முன்னால் ஆறு வேகனும் நிரம்ப வேண்டும். அவ்வளவுதான் அவள் வேண்டியது.

பெருக்கி முடித்ததும் புனலைச் சரியாக இரண்டு நூல் பின்னால் நகர்த்தித் திருகினாள்.

"அக்கா, நான் திருத்தினதை அவர்கிட்டச் சொல்லாதீங்க. ஓடட்டும், நானே சொல்றேன்."

"எனக்கெதுக்கு வம்பு" என்றாள் நாத்தனார், குறுக்கெழுத்திலிருந்து தலை நிமிராமல்.

அவள் விடியலில் வேலைக்குப் போகிறவள். அவன் நண்பகலில் புறப்பட்டு, அவள் தூங்கிய பிறகு திரும்புகிறவன். குடும்பம் நடந்தது ஃபிரிட்ஜ் கதவில். 'இரண்டு நூல் முன்னால் விழுகிறது' என்று சீட்டு எழுதி ஒட்டினாள். 'சரிசெய்துவிட்டேன்' என்று அடுத்த வரி எழுதப் பேனா போய் நின்றது. அப்படி எழுதுவதற்கு வேறு கை வேண்டும்.

மறுநாள் பதில் இருந்தது: 'விடு, சரியாகிவிடும்.'

செவ்வாயன்று கடுகு வேகனுக்கு இரண்டு நூல் பின்னால் கொட்டியது.

அவள் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு நூல் என்று நினைத்து நான்கு நகர்த்திவிட்டேனா? இம்முறை அளவுகோலை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்த்தினாள். புனலின் காலடியில் பென்சிலால் கோடும் போட்டாள். 'இரண்டு நூல் பின்னால்' என்று சீட்டு. 'நாளைக்குச் சரியாகும்' என்று பதில்.

புதனன்று புனல் கோட்டில் இம்மியும் பிசகாமல் நின்றது. கடுகு இரண்டு நூல் முன்னால் விழுந்தது. போதாக்குறைக்குக் கதவு மூடவில்லை. கால் கிலோ கடுகும் ஒரே மூச்சில் இறங்கியது.

"இன்னிக்கு நிலக்கரி ரொம்ப மலிவு போல" என்றாள் நாத்தனார்.

அவள் புனலை நகர்த்தி, புதுக்கோடு போட்டு, ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டி இறுக்கினாள். சீட்டு எழுதினாள். கோடு பொய் சொல்லாது, அளவுகோல் பொய் சொல்லாது. மிச்சமிருந்தது அவள்தான்.

வியாழன் மதிய இடைவேளையில் கண்ணாடிக் கடைக்குப் போனாள். கடைசி வரி வரைக்கும் தடுமாறாமல் படித்தாள்.

"உங்க கண்ணுல ஒரு குறையும் இல்லீங்க" என்றார் கண்ணாடிக்காரர். "எதைப் பாக்கக் கஷ்டமா இருக்கு?"

"கடுகை."

அவர் லென்ஸைத் துடைத்து வைத்தார். "அது எல்லாருக்குமே சின்னதாத்தாங்க தெரியும்."

அன்று மாலை கதவு திறக்கவே இல்லை. ஸ்பிரிங் அப்படி விறைத்திருந்தது. முதல் வேகன் கொண்டை ஊசியில் முட்டி நிற்க, இன்ஜின் பிடிவாதமாக இழுக்க, வேகன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கவிழ்ந்தன. கடைசி வேகன் மேசையிலிருந்து குதித்து நாத்தனாரின் டீயில் மூழ்கியது.

நாத்தனார் அதை ஸ்பூனால் தூக்கிப் பார்த்தாள். "காலியாத்தான் இருக்கு" என்றாள்.

அவள் ஸ்பிரிங்கைத் தளர்த்தினாள். சீட்டு எழுதினாள்.

வெள்ளியன்று இன்ஜின் புனலுக்குக் கீழே வந்ததும் கதவு கழன்று தொங்கியது. கடுகெல்லாம் இரண்டு நூல் பின்னால் தள்ளி இன்ஜின்மேல் இறங்கி, அதை மூடிவிட்டது. குவியலுக்குள்ளிருந்து உறுமல் மட்டும் கேட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள், கன்னத்தைத் துடைத்தபோதுதான் ஈரத்தைக் கவனித்தாள்.

"விட்டுடலாமே" என்றாள் நாத்தனார், என்றுமில்லாத மென்மையோடு.

"இன்னிக்கு மட்டும்க்கா."

ஸ்பிரிங்கை இறுக்கினாள். புனலை நகர்த்தினாள். சீட்டில் குறையை மட்டும் எழுதினாள்.

சனிக்கிழமை பதில் இல்லை. ஞாயிறு விடுப்புக்காக அவனுக்கு அன்று இருட்டோடு தொடங்கிய இரட்டை டூட்டி. எழுத நேரமில்லையா, மனமில்லையா? அத்தனை நாள் 'சரியாகும்' என்று எழுதியவனுக்கே நம்பிக்கை போய்விட்டது என்று அவள் எடுத்துக்கொண்டாள். விருந்தாளிகளுக்காக வீட்டைத் துடைத்து வைத்திருந்ததால் நாத்தனார் அன்று கடுகு டப்பாவையே தொட விடவில்லை. மாலையில் அவள் பழைய சீட்டைக் கிழித்துவிட்டு, 'பிசின் ஒட்டிய வேகன்களே ஓடட்டும்' என்று ஒட்டினாள்.

ஞாயிறு நான்கு பேரும் வந்தார்கள். பிசின் நிலக்கரி இரண்டு சுற்றுச் சுற்றியது. அவர்களில் பல் மருத்துவர் ஒருவர் குனிந்து, "இந்தப் புனல் எதுக்கு?" என்றார்.

கணவன் முகம் வெளுத்தது. "அது... இன்னும் முடியல. நாளைக்குக் காலையில... அதாவது அடுத்த தடவை வரும்போது பாக்கலாம்" என்று மேசைக்குக் குறுக்கே வந்து நின்றான்.

அவன் அப்படித் தடுத்தது அவளுக்குச் சுருக்கென்றது. ஐந்து நாள் தோற்றதைவிட இது அதிகம் வலித்தது. யாரோ வேறு ஆளைக் கூப்பிடப்போகிறார்கள் என்று தோன்றியது.

"தள்ளுங்க" என்றாள். காலி வேகன்களை மாட்டினாள். புனலில் கடுகை நிரப்பி விசையை அழுத்தினாள்.

இன்ஜின் தாண்டியது. முதல் வேகன் வந்து ஊசியைத் தொட்டது. கதவு திறந்தது. கடுகு, மழை ஓட்டில் விழுகிற சத்தத்தோடு வேகனின் நடுவில் விழுந்து, குவிந்து, நின்றது. கதவு மூடிற்று. இரண்டாவது. மூன்றாவது. ஆறாவதும் நிரம்பி வண்டி வளைவில் திரும்பியபோது மேசைமேல் கிடந்தது ஒரே ஒரு கடுகு. பல் மருத்துவர் அதை விரல் நுனியில் ஒற்றி எடுத்துக் கடைசி வேகனில் போட்டுவிட்டுக் கை தட்டினார்.

"எப்படிம்மா?" என்று கேட்டான் கணவன். அவன் திகைப்பில் அசல் இருந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு வேறு பாராட்டுத் தேவைப்படவில்லை.

இன்னும் நான்கு தடவை ஓட்டச் சொன்னார்கள். நாத்தனார் தடவைகளை எண்ணவில்லை. ஒரு கடுகும் சிந்தவில்லை.

டீ போட அவள் சமையலறைக்கு வந்தபோது, கைத்தடியை ஊன்றியபடி நாத்தனாரும் பின்னாலேயே வந்தாள்.

"எனக்கே புரியலக்கா" என்றாள் அவள், இரண்டு கையையும் விரித்துப் பார்த்தபடி. "அஞ்சு நாளா வராத கை, இன்னிக்கு எப்படி வந்துச்சு?"

நாத்தனார் ஒரு தடவை கூடத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு, அவள் காதருகே குனிந்தாள்.

"உன் கை தினமும் சரியாத்தாம்மா இருந்துச்சு. நீ சாயங்காலம் நகத்தினதை, அந்தச் சீட்டைப் படிச்சுட்டு, அவனும் காலையில இன்னொரு தடவை நகத்தி, கோட்டையும் அழிச்சுத் தள்ளிப் போட்டு, ஸ்பிரிங்கையும் திருத்திட்டிருந்தான். நேத்து ஒரு நாள்தான் அவனுக்கு நேரம் கிடைக்கல."