ஏழு இழைக் கயிறு

நாளை மறுநாள் புயல் என்று ரேடியோ சொன்னபோதுதான், ஆணியில் தொங்கிய கயிற்றுக்குள் ஒன்றுமே மிச்சமில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

வெளியே பார்த்தால் குறை தெரியாது. பச்சை நிறத்தில், சுண்டுவிரலில் பாதித் தடிமனில், நூறடிச் சுருள். ஆனால் கையில் எடுத்தால் பாம்பு உரித்த சட்டை மாதிரி தொளதொளவென்று கிடந்தது. உள்ளே இருந்த ஏழு நைலான் இழைகளையும் அவள்தான் மாதக்கணக்கில் உருவி, கான்வாஸ் பைகளுக்குக் கைப்பிடி தைத்திருந்தாள். ஒரு முழம் உருவுவாள், வெட்டுவாள், மேலுறையை நீவி விடுவாள். 'ஒரு முழந்தானே' என்று தொடங்கி, முழுவதையும் தின்று தீர்த்தாயிற்று.

அதை வாங்கி வந்து அவள் தையல் மேசைக்கு மேலேயே மாட்டிய அன்று கணவர் பேசியது மூன்றே வார்த்தை. "புயலுக்கு வாங்கினது. தொடாதே."

மூன்று வார்த்தையே அந்த வீட்டில் அதிகம். கிரேன் ஓட்டிய வேலை போன பிறகு, ஒரு நாள் அவளுக்குப் புதுக் கத்தரிக்கோல் வாங்கி வந்தார். "சும்மா உக்காந்திருக்கிற ஆளு எனக்கு ஒண்ணும் வாங்கித் தர வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். அலுப்பில் சொன்னது. கத்தரிக்கோல் கடைக்கே திரும்பிப் போனது. அதற்கப்புறம் எட்டு மாதமாக இரண்டு பேரும் ஒரே அறையில் தனித்தனியாகக் குடியிருந்தார்கள்.

போன புயலில் அவர் இடுப்பில் துணிக்கொடியைக் கட்டிக்கொண்டு தகரக் கூரைமேல் ஏறியதும், மறுமுனையைப் பிடித்தபடி இவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றதும் நினைவுக்கு வந்தன. இந்த முறை அவர் இந்தத் தோலை நம்பி ஏறுவார்.

சொல்லிவிடலாம். ஆனால் எட்டு மாதம் கழித்துப் பேசும் முதல் பேச்சு, "உங்க உயிரைப் பை தைச்சு வித்துட்டேங்க" என்றா இருக்க வேண்டும்?

தையல்காரிக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஊக்கின் முனையில் பாவாடை நாடாவை மாட்டி, கயிற்றின் ஒரு வாயில் நுழைத்து, நெளித்து நெளித்துத் தள்ளினாள். அறுபதடியில் நாடா தீர்ந்தது. மீதிக்கு எலாஸ்டிக்கை விட்டாள். கயிறு புஷ்டியாகிவிட்டது. அவளுக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சாயங்காலம் அவர் கயிற்றை எடுத்தார். தண்ணீர் நிறைந்த வாளியைக் கட்டி ஜன்னல் வழியாக இறக்கினார். வாளி இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. பிறகு துள்ளிக் குதித்து மேலே வந்தது. மறுபடி இறங்கியது.

"யாருய்யா அது!" என்று கீழ்வீட்டம்மாவின் குரல் வந்தது. "ஒரு வாட்டி வந்து தண்ணி ஊத்துச்சுன்னா சரி, திரும்பி வந்து வேற ஊத்துது! விளையாடறீங்களா?"

அவர் வாளியை இழுத்துக்கொண்டார். மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

"நைலான்னா கொஞ்சம் நீளும்" என்றார்.

"ஆமாங்க. நீளும்" என்றாள்.

மறுநாள் காலை எலாஸ்டிக்கை உருவ முயன்றாள். உள்ளே ஊக்கு திறந்துகொண்டு, எங்கோ நடுவில் சிக்கி நின்றுவிட்டது. தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் வந்து சுருளை வாங்கினார். தேட வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

"ஆ!"

"என்னங்க?"

"கயிறு கடிக்குது."

விரலில் ரத்தம் துளிர்த்தது. சுருளைக் கீழே போட்டுவிட்டு அவர் கை கழுவப் போனார். கயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கக்கூட இல்லை. எல்லாம் தெரிந்தும் இவர் இதையே கட்டிக்கொண்டு ஏறப் போகிறாரா? ஏறினால் என்ன, விழுந்தால் என்ன என்று ஆகிவிட்டதா இவருக்கு?

சுருளை அள்ளிக்கொண்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கயிற்றுக் கடைக்கு ஓடினாள். வானம் கறுத்துக் கீழே இறங்கியிருந்தது. கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டிருந்தார்.

"கயிறு வேணும். நல்ல கெட்டியா."

"எதுக்கும்மா? சாமான் கட்டவா, கூடாரம் போடவா, ஆளைத் தாங்கவா?"

"ஆளை."

"என்ன எடை இருப்பாரு?"

"எழுபது. எட்டு மாசமா சரியாச் சாப்பிடல. அறுபத்தஞ்சுன்னு வச்சுக்குங்க." சொல்லும்போதே அழுகை முட்டியது. கையிலிருந்த பச்சைச் சுருளை மேசையில் போட்டாள். "இதை நம்பி இடுப்புல கட்டி ஏறப் போறாரு. உள்ள ஒண்ணுமே இல்ல. எல்லாத்தையும் நான்தான் உருவிட்டேன். நாடாவும் எலாஸ்டிக்கும்தான் இருக்கு. ஒரு ஊக்கு வேற இருக்கு."

கடைக்காரர் சுருளைப் புரட்டிப் பார்த்தார். ஊக்கு இருந்த இடத்தை மட்டும் கவனமாக விட்டுவிட்டு.

"கிரேன்காரர் வீட்டம்மாவா நீங்க?" என்றார். "ஆளைத் தாங்கறதுக்குப் பெருவிரல் தடிமன்ல வேற கயிறு அன்னிக்கே வாங்கிட்டாரும்மா. இந்த மெல்லிசு எவ்வளவு பாரம் தாங்கும்னு அவர் கேக்கவே இல்ல. நீங்க பை தைக்கிற ஊசியைக் கையோட கொண்டு வந்து, எந்தக் கயித்தோட உள் இழை அதுல நுழையுதுன்னு ஒண்ணொண்ணா கோத்துப் பாத்துட்டுத்தான் இதை எடுத்தாரு."