சிங்கிள் மால்ட்டும் கழற்றிய ஸ்விட்ச் போர்டுகளும்

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பார்த்துக்கொடுத்த சம்பந்தம் ஏறக்குறைய ஊற்றிக்கொண்டது. எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருக்கிறது. அவள் அப்பாவிடம் நீங்கள்தான் பேசிச் சரிசெய்ய வேண்டும்.

தப்பு பாதி உங்களுடையது. "விஸ்கி ஊத்திக் குடுத்து என்ன வாசனை வருதுன்னு கேப்பாரு, மனசுல பட்டதை அப்படியே சொல்லு" என்றது நீங்கள். நான் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர். என் மூக்குக்குத் தெரிந்த வாசனை ஒன்றுதான்.

ஞாயிறு மதியம் அவர்கள் வீட்டில் அவள் அப்பா ஒரு சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் பாட்டிலைக் கைக்குழந்தை போல ஏந்தி வந்து, அடி பருத்து வாய் குறுகிய கிளாஸில் இருமல் மருந்து அளவுக்கு ஊற்றி, "குடிச்சிடாதீங்க மாப்பிள்ளை, முதல்ல மோந்து பாருங்க" என்றார். முகர்ந்தேன். கருகல். சுவருக்குள் வயர் சூடாகும்போது லேசாக, விட்டுவிட்டு வருமே, அதே வாசனை. "வீட்டுல எங்கயோ வயர் கருகுது சார்" என்றேன். அவர் சிரித்தபடி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவர் சொல்லி முடிக்கும்வரை தீ காத்திருக்காது என்பதால் ஓடிப்போய் மெயினை அணைத்தேன். ஃபேன் நின்றது, டிவி நின்றது, வாட்டர் ஹீட்டரை நம்பிக் குளியலறைக்குள் போயிருந்த அவருடைய மைத்துனர் கத்தினார். ஹால் போர்டைக் கழற்றினேன், சுத்தமாக இருந்தது. படுக்கையறை போர்டு, சமையலறை போர்டு, எல்லாமே சுத்தம். ஆனால் யோசிப்பதற்காக மேஜைக்குத் திரும்பி ஒரு வாய் உறிஞ்சும்போதெல்லாம் முதலில் தேன் மாதிரி ஏதோ, பின்னாலேயே புகை. ஆக ஃபால்ட் மேஜைக்கு நேர் மேலே என்று முடிவு செய்து, ஸ்டூல் போட்டு ஏறி, தொங்கும் விளக்கை இறக்கினேன். "மாப்பிள்ளை, அது வந்து" என்று மறுபடியும் ஆரம்பித்தவரிடம், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், உங்களுக்குப் புரியாது" என்றேன். அதற்குப் பிறகு நான் "தம்பி" ஆகிவிட்டேன்.

பெண்தான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு ஸ்க்ரூக்களை வாங்கிக்கொண்டிருந்தாள். பல் டாக்டர் இல்லையா, டார்ச்சை ஆடாமல் பிடிக்கிறாள். கழற்ற ஒன்றும் பாக்கி இல்லாதபோது, "அந்த கிளாஸை வாசலுக்கு எடுத்துட்டுப் போய் மோந்து பாருங்க" என்றாள். போனேன். வாசலில் வயரே இல்லை. அங்கேயும் கருகல்.

பிறகுதான் அவள் விளக்கினாள்: இந்த விஸ்கி செய்ய, சதுப்பு நிலத்து மக்கிய கரிமண்ணை எரித்து அந்தப் புகையில் பார்லியை உலர்த்துவார்களாம். இந்தச் சரக்கில் புகை ரொம்ப லேசாம். லேசாக இருந்ததுதான் வினை. பலமாக அடித்திருந்தால் கிளாஸிலிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரிந்திருக்கும்.

"உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?" என்றேன் அவளிடம்.

"முதல் போர்டைக் கழட்டுறப்பவே."

"ஏன் சொல்லல?"

"நல்லாத்தான கழட்டிட்டிருந்தீங்க."

அவள் அப்பா சிரிக்கவில்லை. பாட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டினார். எல்லா போர்டையும் பழையபடி மாட்டிவிட்டுத்தான் வந்தேன், வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது என்று அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். நமக்கு இருக்கும் ஒரே பிடி அதுதான்.

சித்திக்கு என் வணக்கம். வாண்டுகளுக்கு என் அன்பு. உங்கள் ஆசீர்வாதத்தைப் போனில் அவரிடம் பேசும்போதே சேர்த்துச் செலுத்திவிடவும்.

அவசரத்துடன்,
உங்கள் அண்ணன் மகன்

பி.கு.: பேச வேண்டாம். இப்போதுதான் அவளே கூப்பிட்டாள். சமையலறை விளக்கைப் போட்டால் காலிங் பெல் அடிக்கிறதாம். வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்து களைத்த அப்பா, "அந்தத் தம்பியையே வந்து சரிபண்ணச் சொல்லு" என்கிறாராம். நாளைக்கே ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன் என்றேன். "எதுக்கு அவசரம்? தினம் ஒரு போர்டு பாருங்க, போதும்" என்கிறாள். வீட்டில் மொத்தம் எத்தனை போர்டு என்று எண்ணாமல் வந்துவிட்டேன் சித்தப்பா. நிறைய இருக்கும் என்று நம்புகிறேன்.