எங்கட கிணறு ஆருடைய கிணறு?

நெடுந்தீவு,
ஆவணி 12.

அன்புள்ள தங்கச்சி பிரியவதனிக்கு,

நீயும் மச்சான் ஆரூரனும் பிள்ளைகளும் கனடாவில் ஒரு குறையுமின்றி இருக்க நயினை அம்மனை வேண்டி அண்ணன் பாலசிங்கம் எழுதுவது. இங்கே நானும் உன் மச்சாள் சீதேவியும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதினால் பொய்ச் சாட்சியம் ஆகிவிடும்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் "பிறகு கதைப்பம் அண்ணை, வேலைக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுவாய். அதனால் கடிதம்.

இறங்குதுறை வீதியை அகலமாக்க எங்கள் தெற்குக் காணியை எடுத்ததும், கிணற்றைத் தூர்த்ததும், தூர்த்த பிறகு நட்டஈட்டுக்கு மதிப்பிட வந்தவர் அந்த நேரம் பார்த்து அங்கே நின்ற ஒரு குதிரையைக் கண்டுவிட்டு "குதிரை மேயும் தரவை, கிணறு இல்லை" என்று எழுதிக்கொண்டு போனதும் உனக்குத் தெரியும். காசு கூடக்குறைய வருவது கிடக்கட்டும். நல்ல தண்ணீர்க் கிணறு வைத்திருந்த குடும்பத்தை வெறும் மேய்ச்சல் தரவைக்காரராக்கிவிட்டார்களே என்றுதான் ஆறு வருடமாக எனக்கு நெஞ்சு எரிகிறது. நான் கண்ணை மூடுவதற்குள் அந்தச் சொல்லை அழிப்பிக்க வேண்டும். அதற்காகத்தான் தவணைக்குத் தவணை முதல் படகில் குறிகட்டுவானுக்குப் போய், சோளகக் காற்றில் சத்தியெடுத்து, பஸ் பிடித்து, நனைந்த வேட்டியோடு நீதிமன்றத்தில் நிற்கிறேன். நின்றால் அடுத்த தவணை என்கிறார்கள். களைத்துப் போனேன் தங்கச்சி.

போன மாரிக்கு முன்னம் பக்கத்துக் காணிச் சூசைப்பிள்ளையைச் சாட்சிக்குக் கூட்டிப்போனேன். அவருடைய காணியிலும் ஒரு துண்டு வீதிக்குப் போனது. மனிசன் தந்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார். கூண்டில் ஏறினார். எதிர்த்தரப்புக்கு வாதாடிய அப்புக்காத்து கேட்டார்:

"கிணறு இருந்ததோ?"

"ஓம் ஐயா, இருந்தது."

"ஆருடைய கிணறு?"

"எங்கட கிணறு."

"எங்கட எண்டால் ஆருடைய?"

"எங்கட எண்டால் எங்கடதான் ஐயா. வேற எப்பிடிச் சொல்லுறது?"

அவ்வளவுதான். சூசைப்பிள்ளையும் நானும் சேர்ந்ததோ, சூசைப்பிள்ளை வீடு மட்டுமோ, ஊர் முழுக்கவோ என்று அரை மணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் கிணறு ஒருவருக்கும் இல்லாமல் போயிற்று.

இப்போது என் அப்புக்காத்துப் பிள்ளை நிமலினி மனுப்போட்டு, மேலதிக சாட்சியம் வைக்க அனுமதி வாங்கிவிட்டாள். "இவ்வளவு காலமும் ஏன் கொண்டுவரேல்லை?" என்று அங்கே கேட்டார்கள். "என்னட்டை ஆரும் கேக்கேல்லை ஐயா" என்றேன். நிமலினி தலையில் கைவைத்தாள். ஆனாலும் அனுமதி கிடைத்தது. ஒரே ஒரு தவணை, அதற்குள் படமோ பத்திரமோ கொடுக்க வேண்டும்.

உன் கலியாண அல்பத்தில் நீ கிணற்றுக்கட்டில் சாய்ந்து அழுதுகொண்டு நிற்கிற படம் ஒன்று இருக்கிறது. அதை உடனே அனுப்பு. உன் முகம் தேவையில்லை, கிணறு தெரிந்தால் போதும். கலியாணத்துக்கென்று பாசி சுரண்டி அந்தக் கட்டுக்கு வெள்ளையடித்தவன் நான். சொந்தக் கிணறில்லாமல் எவன் வெள்ளையடிப்பான்? இதையும் சாட்சியமாகச் சொல்லப் போகிறேன்.

பிள்ளைகளுக்கு மாமாவின் ஆசிகள். தண்ணீரை வீணாக்க வேண்டாம் என்று சொல்.

இப்படிக்கு,
அன்பு அண்ணன்,
வே. பாலசிங்கம்

பி.கு.: படம் அனுப்ப வேண்டாம். கடிதத்தை ஒட்டப் போகும்போது சீதேவி அலுமாரியில் இன்னொரு பிரதியைக் கண்டெடுத்துவிட்டாள். கிணறு பளிச்சென்று தெரிகிறது. உன் முழங்கைக்குப் பக்கத்தில், நான் அடித்த வெள்ளையையும் மீறித் தெரிகிறது, கிணற்றுக்கட்டில் வெட்டிய ஒரு சிலுவை. அதற்குக் கீழே "அந்தோனி, 1961". சூசைப்பிள்ளையின் தகப்பன். எங்கள் எல்லைக் கல்வேலியில் ஏறிக் கடக்க விட்டிருந்த கடப்பால் இறங்கித்தானே தண்ணீர் அள்ளப் போவோம்? அந்தக் கடப்புக்கு அங்காலே அவர்களுடைய காணி. வேலியும் போய்விட்டதால் இத்தனை நாளும் எனக்குப் புத்தியில் ஏறவில்லை.

படத்தைக் கொண்டுபோய்ச் சூசைப்பிள்ளையிடம் காட்டினேன். "அப்பு செத்தேக்கை நான் சின்னப்பிள்ளை. அது உங்கட எண்டுதான் நினைச்சனான் அண்ணை. நீங்கள் எப்பவும் எங்கட கிணறு எண்டுதானே சொல்லுவியள்" என்றார். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது தங்கச்சி. நாங்கள் தரவைக்காரர்தான். அந்தக் குதிரை சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறது.

"எனக்கும் மேலதிக சாட்சியம் விடுவினமோ?" என்று கேட்டார். "முதல்ல வழக்குப் போடவேணும், பிறகு சாட்சியம், அதுக்குப் பிறகுதான் மேலதிகம்" என்றேன். முதல் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டார். சொன்னேன். சாட்சிக்கு நான் வருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன். ஆருடைய கிணறு என்று கேட்டால், இந்த முறை பெயரைச் சொல்வேன்.